எடைக்கல் சொல்லாத உண்மை

(மாணவி, இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

முன்னுரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. மேடைதோறும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன காரணத்தால் இதன் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் எண்ணிப் பார்த்தவள் அல்லள். சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் என் தந்தையார் கேட்ட ஒரு கேள்விதான் என்னை எண்ண வைத்தது.

எங்கள் ஊர் சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர். என் பெற்றோர் இருவரும் காப்பித் தோட்டத்தில் உழைத்தவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகள் கவாத்து வெட்டியும், மூட்டை சுமந்தும், மிளகு பறிக்க மரம் ஏறியும் பாடுபட்டார். முழங்கால் வலி வந்த பின்னர், எட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தங்கும் விடுதியில் இரவுக் காவலராகச் சேர்ந்தார். அன்று முதல் நாற்காலிதான் அவருடைய தோட்டம். உழைப்பு நின்றது; தட்டில் விழும் சோற்றின் அளவு நிற்கவில்லை. சென்ற ஆண்டு அடிக்கடி தாகம் எடுப்பதாகச் சொன்னவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். சர்க்கரை நோய் என்றார்கள்.

அன்று இரவு அவர் என்னிடம், “கண்ணு, குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே சர்க்கரை வரும்? என் உடம்புல எங்கே இருக்குது கொழுப்பு? நீ படிக்கிற புள்ள, சொல்லு” என்று கேட்டார்.

என்னால் பதில் சொல்ல இயலவில்லை. அவருடைய எடை 54 கிலோதான். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்தவற்றையும், அதன் பின் என் உடலிலேயே சோதித்துப் பார்த்தவற்றையும் சக மாணவ மாணவியர்க்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடையும் எடையின் உள்ளே இருப்பதும்

ஒருவர் பருமனா இல்லையா என்பதை அறிய இன்று பெரிதும் பயன்படுவது உடல் நிறை எண் ஆகும். எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். பெல்ஜியம் நாட்டு அறிஞர் கெட்லே 19ஆம் நூற்றாண்டில் கண்ட உறவு இது. இதற்கு உடல் நிறை எண் என்ற பெயரைத் தந்தவர் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ்; ஆண்டு 1972. என் உயரம் 1.54 மீட்டர், கல்லூரியில் சேர்ந்தபோது எடை 47 கிலோ. வகுத்துப் பார்த்தால் 19.8 வருகிறது. இந்தியர்க்கு 18 முதல் 22.9 வரை இயல்பு என்று 2009இல் நம் நாட்டு மருத்துவ அறிஞர்கள் வகுத்துள்ளனர். ஆகவே கணக்குப்படி எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் எடை என்பது என்ன? எலும்பு, தசை, நீர், உள்ளுறுப்புகள், கொழுப்பு ஆகிய அனைத்தின் கூட்டுத்தொகை. ஒரு கிலோ தசை குறைந்து ஒரு கிலோ கொழுப்பு கூடினால் தராசு முள் அசையாது. உடல் மட்டும் மாறியிருக்கும். இந்த உள்விகிதத்தையே உடற்கூறமைப்பு என்கிறோம்.

இயற்பியல் பயிலும் நம்மவர்க்கு இதை அளக்கும் முறை சுவையூட்டும். கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.9 கிராம். கொழுப்பு நீங்கிய உடலின் அடர்த்தி ஏறத்தாழ 1.1 கிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி ஒருவரைக் காற்றிலும் நீருக்குள்ளும் எடை போட்டு, நுரையீரலில் எஞ்சிய காற்றுக்குத் திருத்தம் செய்தால் உடலின் அடர்த்தி கிடைக்கும். 495ஐ அந்த அடர்த்தியால் வகுத்து 450ஐக் கழித்தால் கொழுப்பின் சதவீதம் வரும். இது சிரி என்னும் அறிஞரின் சூத்திரம். அடர்த்தி 1.05 ஆயின் கொழுப்பு 21.4 சதவீதம், 1.04 ஆயின் 26 சதவீதம். இரண்டாம் தசம இடத்தில் ஒரே ஓர் எண் மாறினால் உடம்பின் கதையே மாறுகிறது!

1942இல் ஆல்பர்ட் பெங்கி என்னும் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் கால்பந்து ஆட்டக்காரர்களை இவ்வாறு நீரில் எடை போட்டார். அக்கால எடை அட்டவணைப்படி அவர்களில் பலர் அளவுக்கு மீறிய எடையுள்ளவர்கள், படைப்பணிக்குத் தகுதியற்றவர்கள். நீரோ அவர்கள் உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்று சாட்சி சொன்னது. கூடுதல் எடை முழுவதும் பயிற்சியால் திரண்ட தசை!

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் நாட்டில் உண்டு. புனே நகரத்து மருத்துவ அறிஞர் யாஜ்னிக் என்பவரும் இலண்டன் அறிஞர் யுட்கின் என்பவரும் தம்மையே அளந்து 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவரின் உடல் நிறை எண்ணும் 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இந்தியர் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இந்தியர் பலருக்கு இத்தகைய உடல்வாகு அமைந்திருப்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

என் தந்தையாரின் கேள்விக்கான விடையின் முதற்பாதி இங்கே கிடைத்தது. உழைத்த காலத்தில் தோளிலும் தொடையிலும் இருந்த தசை எட்டு ஆண்டுகளில் வற்றியிருக்க வேண்டும். கை கால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் சற்று முன் தள்ளியிருப்பதை நாங்கள் பொருட்படுத்தவில்லை. வயிற்றின் உட்புறம் குடலையும் கல்லீரலையும் ஒட்டிச் சேரும் கொழுப்பே பொல்லாதது. அதனால்தான் இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டலாகாது என்கிறார்கள். தராசைவிடத் தையற்காரரின் நாடா இங்கே அதிகம் பேசுகிறது.

தசை ஒரு பண்டகசாலை

விடையின் மறுபாதி தசையில் உள்ளது. நாம் உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. அச்சர்க்கரையின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் பண்டகசாலை எலும்பைப் பற்றியிருக்கும் தசைகளே ஆகும். இன்சுலின் என்னும் சுரப்பு வந்து தட்டினால் தசைச் செல்லின் கதவு திறக்கும். உழைக்காத தசையில் கதவு துருப்பிடித்ததுபோல் ஆகிவிடுகிறது. இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் எளிதில் திறப்பதில்லை. சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது.

வேலை செய்து சுருங்கி விரியும் தசையோ இன்சுலினுக்குக் காத்திராமல் தானே கதவைத் திறந்துகொள்கிறது. ஒரு நாள் செய்த பயிற்சியின் பயன் அடுத்த ஓரிரு நாள்களுக்கு நீடிக்கிறது. அதன் பின் மங்கிவிடுகிறது. ‘ஒழுங்காக’ என்ற சொல்லின் முழுப்பொருளும் இதில் அடங்கியுள்ளது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மைதானத்தில் துள்ளிவிட்டு ஆறு நாள் படுத்திருப்பவருக்கு இப்பயன் தொடர்ந்து கிட்டாது.

வேறு நன்மைகளும் உள. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தைத் தள்ளுகிறது. எனவே ஓய்வு நேரத்தில் நாடித்துடிப்பு குறைகிறது. தசைச் செல்களில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் பெருகுகின்றன. எலும்பு உறுதி பெறுகிறது. எலும்பின் வலிமை இருபதுகளின் இறுதிவாக்கில் உச்சத்தை எட்டி, நடுத்தர வயதுக்குப் பின் தேயத் தொடங்குகிறது. ஆகவே நம் வயது எலும்புக்குச் சேமிக்கும் வயது.

பேருந்தும் படுக்கையும் சொன்ன சாட்சி

சேலத்திலிருந்து ஏற்காடு வரும் பேருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுகிறது. ஓட்டுநர் அமர்ந்தே இருப்பார். நடத்துநர் நின்றும் நடந்தும் பணி செய்வார். இருவரில் யாருக்கு இதயநோய் மிகுதி? இக்கேள்வியை இலண்டன் மாநகரில் எழுப்பியவர் ஜெரி மாரிஸ். நாள் முழுதும் மாடிப்பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிய நடத்துநர்களைவிட, அமர்ந்தே இருந்த ஓட்டுநர்களுக்கு இதயநோய் மிகுதி என்று 1953இல் அவர் வெளியிட்டார். 1956இல் அவர்களுடைய சீருடை அளவுகளைப் பார்த்தபோது ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு பெரிதாக இருந்தது.

இங்கே ஓர் ஐயம் எழும். முன்பே இடுப்பு பெருத்தவர்கள்தாம் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்தார்களோ? நியாயமான ஐயமே. எனவே ஒரே ஆளை முன்னும் பின்னும் அளந்த சோதனை ஒன்று வேண்டும்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966இல் அது நடந்தது. ஏறத்தாழ இருபது வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். அவர்கள் உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் வீழ்ந்தது. பின்பு எட்டு வாரம் பயிற்சி தந்தபோது இழந்ததை மீட்டதோடு முன்பிருந்த நிலையையும் தாண்டினார்கள். அதே ஐவரை முப்பது ஆண்டுகள் கழித்து 1996இல் மீண்டும் அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த கெடுதலைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை செய்த கெடுதல் பெரிதாக இருந்தது! அந்த முப்பது ஆண்டுகளில் அவர்களின் சராசரி எடை 77 கிலோவிலிருந்து 100 கிலோவாகவும், கொழுப்பு 14 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகவும் ஏறியிருந்தது. ஆறு மாதப் பயிற்சிக்குப் பின் மூச்சுத்திறனில் முதுமையால் இழந்தது திரும்பிவிட்டது. எடை மட்டும் சிறிதே குறைந்தது. மூச்சை மீட்பது எளிது, சேர்ந்த கொழுப்பைக் கரைப்பது அரிது என்பது இதனால் விளங்கும். சேராமல் பார்த்துக்கொள்ளும் வாய்ப்பு நம் வயதினருக்கே உண்டு.

நம் மாநிலத்துச் சான்றும் ஒன்று கூறுவேன். சர்க்கரை நோயின் வாசலில் நின்ற நடுத்தர வயதினர் 531 பேரைச் சென்னை மருத்துவ அறிஞர் அ. இராமச்சந்திரன் குழுவினர் மூன்றாண்டு கண்காணித்து 2006இல் வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மேற்கொண்டவர்களில் அது 39 ஆகக் குறைந்தது. நோய் முற்றிலும் ஒழியவில்லை. ஆயினும் நூறு குடும்பங்களில் பதினாறு குடும்பங்கள் தப்பின என்றால் அது சிறிய செய்தியா?

என் சொந்தக் கணக்கு

இனி என் கதைக்கு வருகிறேன். பள்ளி நாள்களில் நாள்தோறும் மேடும் பள்ளமுமாக நான்கு மைல் நடந்தவள் நான். சேலம் வந்து அரசு விடுதியில் தங்கிய பின்னர் விடுதி, வகுப்பு, நூலகம் இவற்றோடு என் நடை முடிந்துபோயிற்று. ஓராண்டு கழிந்து ஊருக்குச் சென்றேன். பேருந்து விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும் சரிவில் மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன். மலையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு என்று இயற்பியல் பேசிப் பார்த்தேன். விறகுச் சுமையோடு என்னைக் கடந்து சென்ற என் தாயார் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவருக்கும் அதே காற்றுதானே!

எடை போட்டேன், 47.5 கிலோ. அரைக்கிலோதான் கூடியிருந்தது. இடுப்பை அளந்தேன். 71 சென்டிமீட்டர் இருந்தது 77 ஆகியிருந்தது. எடைக்கல் மறைத்ததை நாடா காட்டிக்கொடுத்தது. ஓய்வு நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 86. தந்தையாரின் இரத்தம்தானே என் உடலிலும் ஓடுகிறது என்ற அச்சம் அன்றுதான் பிறந்தது.

விடுதியில் நடந்த மருத்துவ முகாமில் என் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 10.2 என்று தெரிந்தது. பெண்களுக்கு அது 12க்குக் குறையலாகாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். அதாவது இருவரில் ஒருவருக்கு மேல்! பிராணவாயுவைச் சுமக்கும் இரத்தம் குறைவாக இருக்கையில் ஓடுவது எண்ணெய் இல்லாத விளக்கைத் தூண்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே மருத்துவர் சொன்னபடி முதலில் இரும்புச்சத்து மாத்திரை, கீரை, பயறு என்று தொடங்கினேன்.

பிறகு பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் மைதானத்தில் இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். இரண்டு நாள் பஸ்கியும் தண்டாலும். தரையில் ஒரு தண்டால்கூட எடுக்க முடியவில்லை. சுவரில் கை ஊன்றித் தொடங்கி, பின் மேசை, பின் படிக்கட்டு என்று இறங்கி வந்தேன். ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சிறிது கூட்டினேன். கூட்டாமல் ஒரே அளவில் நின்றால் உடலும் அங்கேயே நின்றுவிடும். தசை வளர்ச்சிக்குப் புரதமும் வேண்டும். நாளொன்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது நம் நாட்டு ஊட்டச்சத்து அறிஞர் பரிந்துரை. எனக்கு ஏறத்தாழ 40 கிராம். விடுதிச் சோற்றோடு கொண்டைக்கடலையும் முட்டையும் சேர்த்து அதை ஈடுகட்டினேன்.

இருபத்து நான்கு வாரம் கழித்து அளந்தேன். எடை 48 கிலோ. அதாவது கூடியிருந்தது! இடுப்பு 72 சென்டிமீட்டர். நாடித்துடிப்பு 72. ஹீமோகுளோபின் 12.1. வீட்டுச் சரிவில் நிற்காமல் ஏறினேன். இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் இயலாது. இரண்டையும் ஒருசேரத் தொடங்கியது ஆய்வுக்கூட முறைப்படி பிழையே. ஒருத்தியின் கணக்கு விதியாகவும் ஆகாது. எனினும் இடுப்பு ஐந்து சென்டிமீட்டர் குறைந்ததற்கு இரும்பு மாத்திரை காரணமாகாது என்றே எண்ணுகிறேன்.

எடை குறையவில்லையே என்று தோழியர் கேட்டனர். அவர்களுக்காக ஒரு கணக்குப் போட்டேன். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,235 மீட்டர். 48 கிலோ எடையை அவ்வளவு உயரம் தூக்கச் செய்ய வேண்டிய வேலை ஏறத்தாழ 5,81,000 ஜூல். அதாவது 139 கிலோ கலோரி. தசையின் திறன் 20 முதல் 25 சதவீதமே. எனவே உடல் செலவிடுவது 550 முதல் 700 கிலோ கலோரி வரை. ஒரு கிலோ உடற்கொழுப்பில் அடங்கியதோ ஏறத்தாழ 7,700! ஒரு கிலோ குறைய மலை அடிவாரத்திலிருந்து உச்சிவரை பதினொன்று முதல் பதினான்கு முறை ஏற வேண்டும். எனவே பயிற்சியால் மட்டும் எடை மளமளவெனக் குறையும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். தசை, இதயம், எலும்பு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றின் நலமே பயிற்சியின் உண்மையான ஊதியம்.

நாம் செய்யத்தக்கது

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறி எளியது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வேகநடை போன்ற மிதமான உழைப்பு. அல்லது 75 முதல் 150 நிமிடம் ஓட்டம் போன்ற கடும் உழைப்பு. இவற்றோடு வாரம் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. கருவி வேண்டா, கட்டணம் வேண்டா. ஆனால் இந்தியாவின் நான்கு பகுதிகளில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் போதிய உழைப்பற்றவர்கள் என்று தெரிந்தது. அவற்றுள் நம் தமிழ்நாடும் ஒன்று.

எனக்கு அந்த உடல்வாகு இல்லை என்று சொல்லும் நண்பர்களுக்கு நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை நினைவூட்டுகிறேன். ஐந்து வயதில் விபத்தில் கால் நசுங்கியவர், 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். நாம் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. நம் வீட்டுச் சரிவை நிற்காமல் ஏறினால் போதும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பமும் உண்டு. மாலையில் மைதானம் மாணவர்களுக்கு உரியதாகவே பழகிவிட்டது. நான் ஓடத் தொடங்கிய முதல் வாரம் மைதானச் சுவர்மேல் அமர்ந்து சிரித்தவர்கள் பலர். ஒருவர், “இந்தப் புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை?” என்று என் காதுபடவே கேட்டார். உடற்கல்வி ஆசிரியர் அருகில் வந்து நின்ற பிறகே நான் தொடர்ந்து ஓட முடிந்தது. விடுதிக் கதவு ஆறு மணிக்கு மூடப்படுகிறது. ஆய்வுக்கூடம் முடிவதோ ஐந்து மணிக்கு. வாரத்தில் மூன்று மாலை மட்டும் மாணவியருக்கென ஒரு மணி நேரம் மைதானத்தை ஒதுக்கி, அந்நாள்களில் விடுதிக் கதவை ஏழு மணிக்கு மூடினால் எத்தனையோ பேர் பயன் பெறுவர். தோழியர் பதினொருவர் இப்போதே ஆயத்தமாக உள்ளோம்.

முடிவுரை

சென்ற பொங்கல் விடுமுறையில் தந்தையாரின் கேள்விக்கு விடை சொன்னேன். “கொழுப்பு வெளியில் தெரியாது அப்பா, வயிற்றுக்குள் இருக்கிறது. தோட்டத்து வேலை நின்றதும் தசை போய்விட்டது. அந்தத் தசைதான் சர்க்கரையை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது” என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், “அப்படின்னா இத்தனை வருசம் அந்தத் தோட்டந்தான் எனக்கு வைத்தியம் பார்த்துச்சா?” என்று கேட்டார்.

இப்போது மாத்திரையோடு, சாப்பிட்ட பின் கால் மணி நேரம் விடுதியின் சுற்றுச்சுவரை ஒட்டி நடக்கிறார். முழங்கால் வலிக்கும் நாளில் நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்து எழுகிறார். சர்க்கரை சற்று இறங்கியிருக்கிறது, முற்றிலும் இறங்கவில்லை. அவர் ஐம்பதில் தொடங்கியதை நாம் இருபதிலேயே தொடங்கலாம். எங்கள் வீட்டில் முதற்பட்டம் வாங்கப் போகிறவள் நான். அந்தப் பட்டத்தைப் பார்க்க அவரும், அதைக் கொண்டு பல்லாண்டு பணி செய்ய நானும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் ஆசை. சுவர் உறுதியாக நிற்கட்டும். சித்திரத்தை நாம் எழுதிக்கொள்வோம்.